அப்படியே பொருந்தும்

அட்டைப்பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தான்: செதுக்க வேண்டாம், ராவ வேண்டாம், அப்படியே பொருந்தும். உள்ளே எண்ணெய் மினுங்கும் வால்நட் மரத்தில் ஒரு துப்பாக்கிக் கட்டை. முழுக்கட்டை இல்லை, முன்பாதி மட்டும். குழலுக்கு அடியில் இடது கை தாங்கிப் பிடிக்கிற பகுதி.

துப்பாக்கி என்னோடு வேலை பார்க்கும் நண்பனுடையது. சரியாகச் சொன்னால் அவன் தாத்தாவுடையது. முப்பது வருஷம், நவம்பர் வந்தால், அதைத் தூக்கிக்கொண்டு ஒன்டாரியோவின் வடக்கே மான் வேட்டைக்குப் போனவர். அவர் காலமான பிறகு பேஸ்மென்டில் பூட்டிக் கிடந்ததை எடுத்துத் துடைத்தபோதுதான் விரிசல் தெரிந்தது. முன்கட்டையின் பின்முனையில், விசைக்கு மேலே, மரத்தின் நார் ஓடும் திசையில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஓடியிருந்தது. நண்பனும் என்னைப் போல மென்பொருள்காரன். உடைந்த பாகத்தை எடு, புதுப் பாகத்தைப் போடு, ஓட்டிப் பார். எங்கள் பிழைப்பே அதுதான். இணையத்தில் வரவழைத்து, திருகாணிகளைக் கழற்றி, ஒரு மாலையில் மாட்டிவிட்டான். பெட்டியில் சொன்னபடியே பொருந்தியது. ஆட்டம் இல்லை, இடைவெளி தெரியவில்லை.

அவன் மாமா ஓய்வுபெற்ற தச்சர். காலமெல்லாம் சமையலறை அலமாரிகள் செய்தவர், கூடவே வேட்டைக்காரர்களுக்குக் கட்டையும் மாற்றிக் கொடுத்தவர். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை வைத்து ஒரு தோட்டாகூடச் சுடாதே. தாத்தா கட்டைக்கு உடைய எழுபது வருஷம் ஆச்சு. இதுக்கு ஒரு பெட்டித் தோட்டா போதும்” என்றார்.

எனக்கு இது ஒரு புதிராக இருந்தது. காரணம், துப்பாக்கி என்பது மாற்றுப் பாகங்களின் மூதாதை என்றுதான் நான் படித்திருந்தேன். பொறியியல் கல்லூரியில் உற்பத்தித் தொழில்நுட்பப் பாடத்தின் முதல் அத்தியாயமே அதில்தான் தொடங்கும். கார், தையல் இயந்திரம், கணினி எல்லாவற்றுக்கும் முன்னால், ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம் என்கிற எண்ணம் துப்பாக்கிப் பட்டறையில்தான் பிறந்தது. அப்படிப்பட்ட பொருளில், இருநூறு வருஷம் கழித்து, ஒரு மரத்துண்டு ஏன் பொருந்த மாட்டேன் என்கிறது?

கதையை 1785-லிருந்து தொடங்கலாம். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஓனோரே பிளாங்க் என்கிற துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கிகளின் சுடுபொறிகளைக் கழற்றி, பாகம் பாகமாக அறைகளில் பிரித்து வைத்திருந்தார் பிளாங்க். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. ஊருக்கு எழுதிய கடிதத்தில் வியந்து எழுதுகிறார். அதே கடிதத்தில், பிளாங்க் இதுவரை சுடுபொறியை மட்டுமே முடித்திருக்கிறார், குழலையும் மரக்கட்டையையும் அடுத்து உடனே இதே முறையில் செய்யப்போகிறார் என்றும் வருகிறது.

அடுத்து உடனே. மென்பொருள் திட்டங்களில் இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

மரக்கட்டை ஏன் கடினம்? அதற்கு ஒரு நேர்கோடு கிடையாது. தோளில் பதியும் முனை அகலம், கைப்பிடி மெலிவு, பிறகு மறுபடி தடிப்பு, முன்னால் போகப் போக ஒடுக்கம். உருளை என்றால் லேத்தில் கடையலாம், பலகை என்றால் இழைக்கலாம், இது இரண்டுமில்லை. வெளிவடிவமாவது கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும். உள்ளே, குழல் படுக்கும் பள்ளமும் சுடுபொறி உட்காரும் குழியும் எஃகின் ஒவ்வொரு மேட்டையும் திருப்பிக் காட்ட வேண்டும். அதை உளியும் சுரண்டியும் கொண்டு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகக் கையால் தோண்டினார்கள். துப்பாக்கித் தொழிலில் இதற்கென்றே ஒரு தனி ஆள் கூட்டம் இருந்தது. மற்றவர்களின் வேலை இயந்திரத்துக்குப் போனாலும் தங்கள் வேலை போகாது என்று நம்பியவர்கள்.

அந்த நம்பிக்கையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தாமஸ் பிளான்சார்ட், 1788-ல் மாசசூசெட்ஸில் பிறந்த பட்டிக்காட்டு ஆள். சின்ன ஆணி செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து விற்றவர். பிறகு துப்பாக்கிக் குழலின் வட்டமில்லாத அடிப்பகுதியையும் கடையும் ஒரு லேத்தைச் செய்தார். ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் அதை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது சுற்றி நின்ற தொழிலாளர்கள் இனி யார் யாருக்கு வேலை போகும் என்று பேசிக்கொண்டார்களாம். கட்டை செய்யும் ஒருவர் மட்டும், என் வேலையை இவரால் பறிக்க முடியாது, துப்பாக்கிக் கட்டையை எவனாலும் கடைய முடியாது என்றாராம். பிளான்சார்ட் காதில் அது விழுந்தது. வண்டியில் வீடு திரும்பும் வழியில், கிடைத்துவிட்டது என்று கத்தினாராம். வழியில் போன இரண்டு பேர் இவருக்குக் கிறுக்கு என்று முடிவுகட்டினார்கள். கதைக்குக் கைகால் முளைத்திருக்கலாம். ஆனால் இயந்திரம் நிஜம். 1819, 1820 காலத்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

அது எப்படி வேலை செய்தது என்று விளக்க எனக்கு நம்மூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் உட்கார்ந்து சாவி நகல் எடுப்பவரே போதும். பழைய சாவியை ஒரு பக்கம் கவ்வ வைப்பார், வெறும் சாவியை இன்னொரு பக்கம். பழைய சாவியின் பல்லைத் தடவிக்கொண்டு ஒரு முனை நகரும், அதே ஏற்ற இறக்கத்தில் மறுபக்கம் அரம் வெட்டும். பிளான்சார்டின் லேத்திலும் இதுதான். இரும்பில் செய்த மாதிரிக் கட்டை ஒன்று, முரட்டு மரம் ஒன்று. இரண்டும் சேர்ந்தே சுழலும். மாதிரியின் மேல் ஒரு சக்கரம் உருண்டு வர, அதே அளவுள்ள வெட்டுச் சக்கரம் மரத்தைச் செதுக்கிக்கொண்டு வரும். மாதிரிக்கு எந்த வடிவமும் இருக்கலாம். சில வருஷங்களுக்குள் கோடரிக் காம்பு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், செருப்புத் தைக்கும் கால் அச்சு என்று ஒழுங்கற்ற வடிவம் எல்லாமே இதில் வந்தன. காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டு வாஷிங்டனுக்குப் போனவர், பெரிய அரசியல்வாதிகளின் மார்பளவுச் சிலைகளை அதே முறையில் கடைந்து காட்டினார் என்றும், காங்கிரஸ்காரர்களின் தலையையே திருப்பிவிட்டார் என்று ரூஃபஸ் சோட் சிலேடையாகச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. தமிழில் அந்தச் சிலேடை இன்னும் நன்றாக வரும். கடைந்தெடுத்த அரசியல்வாதிகள்.

ஸ்பிரிங்ஃபீல்டின் கண்காணிப்பாளர் ராஸ்வெல் லீ, பிளான்சார்டை ஆயுதச்சாலைக்குள்ளேயே இடம் கொடுத்து உட்கார வைத்தார். வெளிவடிவத்தோடு நிற்காமல் குழலுக்குப் பள்ளம், சுடுபொறிக்குக் குழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இயந்திரம். 1820-களின் நடுவுக்குள் பதினான்கு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. ஒரு நாளின் பெரும்பகுதியைத் தின்ற கைவேலை என்ன ஆனது என்பதற்கு ஜோசஃப் விட்வொர்த் சாட்சி. ஸ்க்ரூ புரிகளுக்குத் தரம் வகுத்த அதே விட்வொர்த். அவர் 1853-ல் அமெரிக்கா போய்ப் பார்த்துவிட்டு, ஒரு கட்டை முழுதாக முடிய இயந்திரங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் 22 நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்று எழுதினார். கடைய முடியாது என்று சொன்ன மனிதர் அப்போது உயிரோடு இருந்தாரா என்று யோசித்துப் பார்ப்பேன்.

அடுத்த வருஷமே பிரிட்டிஷ் அரசின் குழு ஒன்று ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது. 1844-லிருந்து 1853 வரை வருஷத்துக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்துக் கழற்றி, பாகங்களைக் கலந்து பெட்டிகளில் போட்டு, தொழிலாளியிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னார்கள். ஒரு திருப்புளியை மட்டும் வைத்துக்கொண்டு பூட்டிக் கொடுத்தார். ஜெஃபர்சன் பார்த்ததன் முழு வடிவம். ஆங்கிலேயர்கள் வாயடைத்து, மாசசூசெட்ஸின் ஏம்ஸ் கம்பெனியில் கட்டை செய்யும் இயந்திரங்களை விலைக்கு வாங்கி லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு தொழிற்சாலையில் நிறுத்தினார்கள். அமெரிக்க ஆயுதச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்ட்டனையும் கூடவே தலைமைப் பொறியாளராகக் கூட்டிக்கொண்டார்கள். 1857-ல் கொழுப்பு தடவிய தோட்டா உறை என்று நம் பாடப்புத்தகத்தில் வருமே, அந்த 1853 மாடல் துப்பாக்கியைத்தான் அங்கே இயந்திரத்தில் செய்யத் தொடங்கினார்கள். பின்னாளில் இதே தொழிற்சாலைக்குத் துப்பாக்கிப் பாகம் செய்து கொடுத்த ஒரு சைக்கிள் கம்பெனி அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. துப்பாக்கியைப் போலச் செய்தது என்று விளம்பரமும் போட்டது. 1950-களில் திருவொற்றியூருக்கு வந்த ராயல் என்ஃபீல்டு அதுதான்.

ஆக, பெட்டியில் அச்சடித்த அந்த வாக்கியம் 1854-ல் நிரூபிக்கப்பட்டுவிட்டது. பிறகு என்ன கெட்டுப்போனது?

எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதுதான் நான் மாமாவின் கராஜில் உட்கார்ந்து புரிந்துகொண்டது. மரத்திடம் நாம் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. அந்தப் பத்துத் துப்பாக்கிகளும் உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வெற்றுக்குழல்கள், கரிமருந்தில் ஓடுபவை. நூறு கஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கட்டைக்குள் எஃகு தாளின் தடிமன் அளவுக்கு இங்குமங்கும் நகர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? 1880-களின் கடைசியில் புகையில்லாத மருந்து வந்தது. குண்டு சிறுத்தது, வேகம் ஏறியது, குழலுக்குள் அழுத்தம் பலமடங்கானது. சுடும்போது குழல் தம்புராக் கம்பி மாதிரி அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். மரம் ஒரு பக்கம் மட்டும் தொட்டால், மழை நாளில் ஊறி இன்னொரு பக்கம் அமுக்கினால், அதிர்வு மாறும். வேட்டைக்காரருக்கு இது வெறும் மதிப்பெண் கணக்கு இல்லை. நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டால் அந்த மான் இரவெல்லாம் காட்டுக்குள் கிடந்து சாகும்.

நண்பனின் துப்பாக்கி லீ-என்ஃபீல்டு நம்பர் 4. ஸ்காட்லாந்தில் பிறந்து ஒன்டாரியோவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட் அமைப்பு, என்ஃபீல்டின் குழல். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். செய்த இடம் லாங் பிராஞ்ச், டொராண்டோவின் மேற்கு ஓரம். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள். பாகங்களைச் சோதித்த கட்டடமும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் மட்டும் மிச்சம். லேக்‌ஷோர் சாலையில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பல வருஷம் அதைத் தாண்டிப் போயும் அது என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

போர் முடிந்ததும் மிஞ்சியவை மலிவாக விற்பனைக்கு வந்தன. விவசாயிகளும் மரம் வெட்டுபவர்களும் வாங்கி, நீண்ட ராணுவ முன்கட்டையைப் பாதியில் ரம்பம் போட்டு அறுத்து, எடை குறைத்து, வேட்டைத் துப்பாக்கி ஆக்கிக்கொண்டார்கள். தாத்தாவும் அப்படித்தான் அறுத்திருந்தார். ரம்பத்தின் வரி இன்னும் தெரிந்தது.

இந்த வகைத் துப்பாக்கியில் கட்டை ஒரே துண்டு இல்லை, முன்கட்டையும் பின்கட்டையும் தனித்தனி. சுட்டவுடன் எஃகு முழுவதும் பின்னால் உதைக்கும். அந்த உதையை முன்கட்டையின் பின்முனையில் இருபுறமும் இருக்கிற, கட்டைவிரல் நகம் அளவேயான இரண்டு மர முகங்கள் தாங்குகின்றன. டிராஸ் என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில், முழுப்பரப்போடு, எஃகைத் தொட வேண்டும். ஒன்று தொட்டு இன்னொன்று மயிரிழை விலகி இருந்தால் முழு உதையும் ஒரு பக்கமே விழும், மரம் நார்வாக்கில் பிளக்கும். தாத்தா கட்டைக்கு நடந்தது அதுதான். வருஷக்கணக்காக அவர் தாராளமாகப் போட்ட எண்ணெய் அந்த முகங்களில் ஊறி மரத்தை மெத்தென்று ஆக்கியிருந்தது. பராமரிக்கிறேன் என்று நினைத்துச் செய்தது.

இந்தப் பலவீனம் ஒன்றும் ரகசியமில்லை. இந்த வகைத் துப்பாக்கியைச் செய்த எல்லா ஊர்களிலும் இதோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோவில் வால்நட் கிடைக்காமல் கோச்வுட் என்னும் மிருதுவான உள்ளூர் மரத்துக்கு மாறியபோது, அந்த இரண்டு முகங்களிலும் செப்புத் தகடு பதித்தார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்து இஷாபூர் தொழிற்சாலையில் கட்டைக்குக் குறுக்கே ஒரு திருகாணியை ஏற்றினார்கள், பிளக்காமல் இழுத்துப் பிடிக்க. இன்றைக்கும் அதற்குச் சேகரிப்பாளர்கள் நடுவே இஷாபூர் ஸ்க்ரூ என்றுதான் பெயர். இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் பலவற்றில் முன்கட்டையின் நுனியில், அடிப்பக்கம், அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணைக் குத்தியிருப்பார்கள். பாகங்கள் எல்லாம் யாரோடும் சேரும் என்று பெருமைப்பட்ட வம்சத்தில், இந்த மரம் இந்த எஃகுக்கு மட்டும் என்று முத்திரை. இயந்திரம் 22 நிமிடத்தில் தள்ளிய கட்டையை, கடைசியில் ஒரு ஃபிட்டர் கையில் எடுத்து அதற்கான துப்பாக்கியோடு பொருத்தியிருக்கிறார்.

மாமா செய்ததும் அதே ஃபிட்டர் வேலைதான். முதலில் போல்ட்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு வந்தார். கராஜில் தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு எஃகின் அடிப்பக்கத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லியதாகத் தடவினார். கட்டையில் இறக்கி, திருகாணியை இறுக்கி, மறுபடி கழற்றினார். கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் எஃகு தொடுகிறது. பல் மருத்துவர் புது உறை மாட்டிவிட்டு நீலத் தாளைக் கடிக்கச் சொல்வாரே, அதே தந்திரம். கட்டையைத் திருப்பிக் காட்டினார். இடது முகத்தில் மட்டும் ஒரு மிளகு அளவுக்குக் கறுப்பு. வலது முகம் பளிச்சென்று இருந்தது. அப்படியே பொருந்தும் என்று சொன்ன கட்டை, மொத்த உதையையும் அந்த மிளகின் மேல் வாங்கப்போகிறது.

“அவன் பொய் சொல்லலையே” என்றார். “துப்பாக்கிக்குள்ள போகும்னான், போச்சு.”

நடுத்தரமான அளவுக்குச் செய்தால் எல்லாத் துப்பாக்கியிலும் ஏறும், எதிலும் உட்காராது. எழுபது வருஷத்தில் பல தொழிற்சாலை, பல வகை மரம், யார் யாரோ ராவிய எஃகு. விற்பவன் என்ன செய்வான்?

வலது முகத்தில் மரம் குறைவாக இருந்தது. குறைவாக இருப்பதைச் செதுக்கிச் சரிசெய்ய முடியாது. கெட்டி மரத்தில் அட்டை கனத்துக்கு ஒரு சில்லு சீவி, இரண்டு முகங்களிலும் ஒட்டி, ஒரு வாரம் காயவிட்டார். அடுத்த சனிக்கிழமை மறுபடி கரி, இறக்கு, இறுக்கு, கழற்று, கறுத்த இடத்தை மட்டும் சுரண்டு. உளியைத் தள்ளவில்லை, கூரான சுரண்டியால் தூசி மாதிரி எடுத்தார். நான் முப்பத்தேழு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். கறுப்பு மிளகாக இருந்தது, பொட்டானது, பிறகு மெல்ல மெல்ல இரண்டு முகமும் முழுக்கக் கறுத்தது. நண்பன் பொறுமையிழந்து, ரெசின் ஊற்றி அடைக்கலாமே என்று கேட்டான். தப்பான கேள்வி இல்லை. இன்றைக்குப் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். எஃகில் மெழுகைப் பூசி, கட்டைக்குள் எபாக்ஸி ஊற்றி அழுத்தினால் எஃகின் அச்சு அப்படியே பதிந்துவிடும். ஒட்டுப்பலகைக் கட்டையோ பிளாஸ்டிக் கட்டையோ போட்டால் மழையில் ஊறும் தொல்லையும் இல்லை. கனடாவின் வடகோடியில் பனிக்கரடி நடமாடும் இடங்களில் ரோந்து போகும் ரேஞ்சர்கள், 1947-லிருந்து லீ-என்ஃபீல்டையே தூக்கிக்கொண்டிருந்தவர்கள், 2018 வாக்கில் அதை விட்டுப் புதிய சி-19 துப்பாக்கிக்கு மாறினார்கள். அதன் கட்டை சிவப்பு நிற ஒட்டுப்பலகை. அதுவும் மரம்தான், அடுக்கடுக்காக ஒட்டி, அதன் அசையும் குணத்தை அடக்கிய மரம்.

மாமா அதையெல்லாம் மறுக்கவில்லை. “ஊத்தலாம்” என்றார். “நாளைக்கு உன் பையன் கழற்றினா வருமான்னு யோசிச்சுக்கோ.”

குழலை மரத்திலிருந்து விலக்கி, காகிதத் துண்டு ஒன்று அடிவரை தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்தார். முன்நுனியில் மட்டும் குழல் மெல்ல அழுந்தி உட்கார ஒரு மேடு விட்டார். பள்ளத்துக்குள் வெறும் மரம் தெரிந்த இடமெல்லாம் ஆளி எண்ணெய் பூசினார், ஈரம் ஏறாமல் இருக்க. அந்த இரண்டு முகங்களில் மட்டும் பூசவில்லை. அங்கே அரக்கு மட்டும் ஒரு கை தடவி, துப்பாக்கி எண்ணெய் அங்கே போகவே கூடாது என்று நண்பனிடம் விரல் நீட்டிச் சொன்னார்.

பழைய கட்டை மேசையில் கிடந்தது. அதில் வரிசை எண் இருந்திருக்க வேண்டிய நுனியைத் தாத்தா எப்போதோ அறுத்து எறிந்துவிட்டிருந்தார். மாமா எஃகின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்து, கடைசியாக மூடுவதற்கு முன், புதுக் கட்டையின் குழல் பள்ளத்துக்குள் தச்சுப் பென்சிலால் எழுதினார். பக்கத்திலேயே தேதியும் போட்டார். பிறகு திருகாணியை இறுக்கிவிட்டு, போல்ட்டை எடுத்துவர உள்ளே போனார்.